இரவு ஷிஃப்டுக்கு 4 பேர்: ஜப்பானின் முதியோர் பராமரிப்பு ஆள்பற்றாக்குறையும் அரசின் முயற்சிகளும் – ஒரு நிகழ்வு ஆய்வு

நூறு முதியவர்கள் தங்கியிருக்கும் ஜப்பானிய அரசு அங்கீகார இல்லம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அங்கே இதைத் ‘தொக்குயோ’ என்பார்கள். எழுந்து நடமாட முடியாதவர்களும் மறதி நோய் முற்றியவர்களும் கடைசிவரை இருக்கும் இடம். மூன்று பேருக்கு ஒரு பணியாளர் என்பது சட்டம் வைத்த குறைந்தபட்ச அளவு. நூறு பேருக்கு 34 முழுநேரப் பணியாளர்கள் வேண்டும். அதில் 3 பேர் செவிலியர்கள். மீதி 31 பேர் பராமரிப்பாளர்கள்.

இனி இரவுக்கு வருவோம். பல கட்டில் அறைகள் கொண்ட பழைய வகை இல்லத்தில் 81 முதல் 100 பேர் இருந்தால் இரவில் குறைந்தது 4 பேர் பணியில் இருக்க வேண்டும். மாதத்துக்கு 120 இரவுப் பணிகள். மாலை நாலரைக்கு வந்து மறுநாள் காலை ஒன்பதரைக்குப் போகும் நீண்ட ஷிஃப்ட்தான் பெரும்பாலான இடங்களில் வழக்கம் என்பதால், ஒருவரால் மாதத்துக்கு 4 அல்லது 5 இரவுகளுக்கு மேல் தாங்காது. அப்படியானால் இரவு வேலை பார்க்கக்கூடியவர்கள் மட்டும் 24 முதல் 30 பேர் தேவை. கைக்குழந்தை உள்ளவர், முதுகுவலிக்காரர், அறுபதைத் தாண்டியவர், பகுதிநேரத்தவர், வந்து ஆறு மாதம் ஆகாத வெளிநாட்டவர் ஆகியோரைக் கழித்துவிட்டால் 31 பேர் பட்டியல் சரிந்துவிடும். அதனால்தான் பல இல்லங்கள் சட்டம் கேட்கும் அளவைத் தாண்டி, இரண்டு பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தில் ஆள் வைத்திருக்கின்றன. அதற்கும் ஆள் கிடைக்காதபோது ஒரு தளத்தையே மூடிவைக்கிறார்கள். வெளியே காத்திருப்போர் பட்டியல் நீள, உள்ளே கட்டில்கள் காலியாகக் கிடக்கும்.

ஜப்பான் அரசு கடந்த கால் நூற்றாண்டில் எடுத்த நடவடிக்கைகளை இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்று விளங்கும். அரசின் திட்டங்கள் தலைகளை எண்ணுகின்றன. தட்டுப்பாடோ குறிப்பிட்ட சில மணிநேரங்களில் இருக்கிறது.

பின்னணி

ஜப்பானில் 15 முதல் 64 வயதுக்குட்பட்டோர் தொகை 1995இல் உச்சத்தைத் தொட்டது. அப்போது சுமார் 8.7 கோடி. இப்போது 7.4 கோடிக்கும் குறைவு. 2024 செப்டம்பரில் 65 வயதைக் கடந்தவர்கள் 3.625 கோடி, மக்கள்தொகையில் 29.3 விழுக்காடு. அதே ஆண்டு பிறந்த குழந்தைகள் ஏழு லட்சத்துக்கும் குறைவு.

முதியோர் பராமரிப்பை அங்கே ‘கைகோ’ என்பார்கள். தமிழ்க் காதுக்குக் கைகோத்து நடப்பதுபோல விழும் சொல். 1997இல் சட்டமாகி, 2000 ஏப்ரல் 1 முதல் கைகோ காப்பீடு நடைமுறைக்கு வந்தது. நாற்பது வயதிலிருந்து எல்லோரும் சந்தா கட்ட வேண்டும். செலவில் பாதி வரிப்பணம், பாதி சந்தா. பயனாளி தன் பங்காக 10 விழுக்காடும், வருமானம் கூடியவர் என்றால் 20 அல்லது 30 விழுக்காடும் கொடுப்பார். ஒவ்வொரு சேவைக்கும் விலையை அரசே ‘அலகு’ கணக்கில் நிர்ணயிக்கிறது. ஓர் அலகு ஏறத்தாழ 10 யென். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை விலைப்பட்டியல் திருத்தப்படும்.

காப்பீடு தொடங்கியபோது பராமரிப்புப் பணியாளர்கள் சுமார் 5.5 லட்சம். 2022 நிதியாண்டில் 21.5 லட்சம். 2023இல் 21.26 லட்சம், திட்டம் தொடங்கியதிலிருந்து முதல்முறையாக எண்ணிக்கை இறங்கியது அந்த ஆண்டுதான். 2026க்கு 24 லட்சமும் 2040க்கு 27.2 லட்சமும் தேவை என்பது சுகாதார, தொழிலாளர் அமைச்சகத்தின் மதிப்பீடு.

விலையும் சம்பளமும்

சாதாரணச் சந்தையில் ஆள் கிடைக்காவிட்டால் முதலாளி சம்பளத்தை ஏற்றுவார், செலவை விலையில் சேர்ப்பார். கைகோவில் விலை அரசின் கையில். ஆள் இல்லை என்று அலுத்துக்கொள்வதும், ஆளை இழுக்கும் சம்பளத்துக்குக் கூரை போடுவதும் ஒரே அமைச்சகம். 2024இல் போனஸ் உட்படப் பராமரிப்பாளரின் சராசரி மாத ஊதியம் 3.03 லட்சம் யென். எல்லாத் துறைகளின் சராசரி 3.86 லட்சம். மாதத்துக்கு 83,000 யென் வித்தியாசம் இருக்கும்போது, சூப்பர் மார்க்கெட்டும் கிடங்கும் ஆளைக் கொத்திக்கொண்டு போவதில் வியப்பில்லை.

விலையை ஏற்றினால் சந்தாவும் ஏறும். 2000இல் 65 வயது கடந்தவரின் சராசரி மாதச் சந்தா 2,911 யென். 2024–26 காலத்துக்கு 6,225 யென். இது பெரும்பாலும் ஓய்வூதியத்திலிருந்து பிடிக்கப்படும் பணம், வாக்களிப்பவர்களிலும் முதியவர்களே அதிகம். ஆகவே அரசு அடிப்படை விலையைப் பெரிதாகத் தொடாமல், சம்பளத்துக்கென்றே அதன் மேல் தனியே சேர்க்கும் ‘மேல்கூடுதல்’ என்ற வழியைப் பிடித்தது. 2009இல் மானியமாகத் தொடங்கி, 2012இல் விலைப்பட்டியலுக்குள் வந்து, கிளைகிளையாகப் பிரிந்து, 2024 ஜூனில் நான்கு படிகள் கொண்ட ஒரே ‘ஊதிய மேம்பாட்டுக் கூடுதல்’ ஆனது. அப்போது மேல்படியில் தொக்குயோவுக்கு 14 விழுக்காடு, வீட்டுக்கே போய்ச் செய்யும் சேவைக்கு 24.5 விழுக்காடு.

இந்தத் தொகை முழுவதும் சம்பளமாகவே போக வேண்டும் என்பது நல்ல நிபந்தனை. சிக்கல்கள் வேறு இரண்டு. மேல்படிக்குப் பதவி உயர்வு வரையறை, பயிற்சித் திட்டம், பணிச்சூழல் மேம்பாடு என்று ஒவ்வொன்றுக்கும் ஆவணம் காட்ட வேண்டும். ஐந்தாறு பணியாளர்களை வைத்து நடத்தும் சிறு நிலையத்தில் அதை எழுத ஆள் இல்லாமல் கீழ்ப்படியிலேயே நின்றுவிடுகிறார்கள். அடுத்தது, கூடுதல் என்பது அடிப்படை விலையின் மேல் போடப்படும் விழுக்காடு. அடிப்படை இறங்கினால் கூடுதலும் சேர்ந்து இறங்கும்.

அதுதான் 2024 ஏப்ரலில் வீட்டுச் சேவைக்கு நடந்தது. ஒட்டுமொத்தமாக 1.59 விழுக்காடு உயர்வு என்று அறிவித்த அதே திருத்தத்தில், வீட்டுச் சேவையின் அடிப்படை மட்டும் குறைக்கப்பட்டது. உடல் சார்ந்த உதவி 20–30 நிமிடத்துக்கு 250 அலகு இருந்தது 244 ஆயிற்று. 30–60 நிமிடம் 396இலிருந்து 387. சமையல், துணி துவைத்தல் போன்ற வீட்டுவேலை 20–45 நிமிடம் 183இலிருந்து 179. அமைச்சகத்தின் வரவு–செலவு ஆய்வில் வீட்டுச் சேவையின் லாபம் 7.8 விழுக்காடு, எல்லாச் சேவைகளின் சராசரி 2.4, தொக்குயோவுக்கோ நட்டம் 1 விழுக்காடு. ஆகவே அங்கே கொஞ்சம் எடுத்து இங்கே கொடுக்கலாம் என்பது வாதம்.

சராசரி இங்கே ஏமாற்றியது. முதியோர் குடியிருப்புக் கட்டடத்துக்குள்ளேயே நிலையம் வைத்திருப்பவர், லிஃப்டில் ஏறி இறங்கி ஒரு காலைக்குள் பத்து வீடு பார்த்துவிடுவார். ஒரே கட்டடம் என்பதற்காக விலையில் 10 விழுக்காடோ அதற்கு மேலோ பிடித்தாலும் அவருக்குப் பயண நேரமே இல்லை. மலைக்கிராமத்தில் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு அரைமணி நேரம் கார் ஓட்டுபவருக்கு அந்த அரைமணிக்கு அலகு கிடையாது. இருவரையும் ஒரே சராசரியில் போட்டால் வருவதுதான் 7.8. அந்த ஆண்டு திவாலான பராமரிப்பு நிறுவனங்கள் 172, அதுவரை இல்லாத எண்ணிக்கை. அவற்றில் 81 வீட்டுச் சேவை நிறுவனங்கள்.

வீட்டுச் சேவைக்கும் தனக்கென ஒரு ‘இரவு’ உண்டு: காலை ஏழு முதல் ஒன்பது வரை, மாலை ஐந்து முதல் ஏழு வரை. எழுப்பி, டயபர் மாற்றி, காலைச் சாப்பாடு கொடுப்பது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வேண்டும். பகல் பதினொரு மணிக்கு ஆள் சும்மா இருப்பார். எட்டு மணிக்கு ஐந்து வீட்டில் தேவைப்படுவார். வேலை தேடும் ஒரு வீட்டுப் பணியாளருக்குப் பதினான்கு காலியிடங்கள் என்ற விகிதம் எழுந்தது இப்படித்தான். இவர்களில் நான்கில் ஒருவர் 65 வயதைக் கடந்தவர். முதியவரைப் பார்க்க முதியவரே சைக்கிளில் போகிறார்.

முதியவர்களையே வேலைக்கு வைப்பது

இதில் ஜப்பான் நிதானமாக, பின்வாங்காமல் நடந்திருக்கிறது. ஓய்வு வயது 60க்குக் குறையக்கூடாது என்பது 1998 முதல் கட்டாயம். 65 வரை வேலைவாய்ப்பை உறுதிசெய்ய வேண்டும் என்ற கடமை 2006 ஏப்ரலில் தொடங்கியது. நிறுவனங்கள் ஆளைப் பொறுக்கியெடுக்கும் உரிமை 2013இல் நீக்கப்பட்டு, அதற்கான இடைக்கால விலக்கும் 2025 மார்ச்சுடன் முடிந்தது. 70 வரை ‘முயல வேண்டும்’ என்பது 2021 ஏப்ரல் முதல். 65 வரையான கடமையை நிறைவேற்ற, ஓய்வு வயதை உயர்த்துவது, ஓய்வையே ஒழிப்பது, 60இல் ஓய்வு கொடுத்து ஒப்பந்தத்தில் மீண்டும் சேர்ப்பது என்று மூன்று வழிகள். பெரும்பாலான நிறுவனங்கள் மூன்றாவதைப் பிடித்துக்கொண்டன, சம்பளத்தைக் குறைக்க முடியும் என்பதால். அப்படிக் குறைந்த சம்பளத்துக்கு அரசு தரும் ஈடு, ஊதியத்தில் 15 விழுக்காடு வரை இருந்தது. 2025 ஏப்ரலிலிருந்து 10 விழுக்காடு.

எண்களில் பலன் தெரிகிறது. 2024இல் 65 கடந்தவர்களில் 93 லட்சம் பேர் வேலையில் இருந்தார்கள். 65–69 வயதினரில் 53.6 விழுக்காடு.

கைகோ துறையில் இதன் சிறந்த வடிவம் ‘பராமரிப்பு உதவியாளர்’ என்ற பணி. மியே மாகாணத்தில் 2015இல் தொடங்கிப் பிற இடங்களுக்குப் பரவியது. படுக்கை விரிப்பது, தேநீர் கொடுப்பது, தட்டு எடுப்பது, துணி மடிப்பது, பேச்சுத்துணை ஆகியவற்றைப் பிரித்து, உடல்நலம் உள்ள அறுபது, எழுபது வயதினருக்கு நாளுக்கு 3–4 மணிநேர வேலையாகத் தருகிறார்கள். சரியாகப் பிரித்த இடங்களில் தகுதி பெற்ற பணியாளரின் கை பகலில் விடுபடுகிறது. ‘முடிந்ததைச் செய்யுங்கள்’ என்று விட்ட இடங்களில் உதவியாளர் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நிற்பார், பணியாளருக்கு மேற்பார்வை வேலை கூடும். பிரிக்கும் முன் ஒரு வாரத்துக்குப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை யார் என்ன செய்கிறார்கள் என்று குறித்து, உடலைத் தொடாத வேலைகளை மட்டும் வெட்டியெடுக்க வேண்டும். எப்படிப் பிரித்தாலும் இவர்கள் இரவுக்கு வர மாட்டார்கள். 120 இரவுப் பணிகள் 120 ஆகவே நிற்கும்.

ஓய்வூதியச் சீர்திருத்தம் ஒன்றுக்கும் பெரிய வரவேற்பு இருந்தது. வேலை பார்த்துக்கொண்டே ஓய்வூதியம் வாங்குபவருக்கு, இரண்டும் சேர்ந்து மாதம் ஐந்து லட்சம் யென் அளவைத் தாண்டினால் ஓய்வூதியத்தில் வெட்டு விழுந்துவந்தது. அந்த வரம்பை 6.2 லட்சமாக உயர்த்தும் சட்டம் 2025 ஜூனில் நிறைவேறியது. மேலாளர்களுக்கு நல்லது. மூன்று லட்சம் வாங்கும் பராமரிப்பாளர் பழைய வரம்பையே தொட்டதில்லை.

அவர்களைத் தொடுவது வேறொரு சுவர். கணவரின் காப்பீட்டில் சார்ந்திருப்பவராகத் தொடர 60 வயதுக்குட்பட்ட மனைவியின் ஆண்டு வருமானம் 13 லட்சம் யென்னுக்குள் இருக்க வேண்டும். தாண்டினால் சந்தாவைத் தானே கட்ட வேண்டும், கையில் வருவது குறையும். மணிக்கு 1,300 யென் வாங்கும் பகுதிநேரப் பணியாளர் ஆண்டுக்கு 1,000 மணிநேரத்தில் நிறுத்துவார். அரசு கூடுதல் கொடுத்து மணிக்கூலி 1,400 ஆனால் 928 மணிநேரத்தில் நிறுத்துவார். ஒரு கையால் சம்பளத்தை ஏற்றியதும் இன்னொரு கை வேலை நேரத்தைச் சுருக்கிவிடுகிறது. நவம்பர், டிசம்பரில் பல நிலையங்களில் அட்டவணை ஓட்டை ஓட்டையாகக் கிடப்பதற்கு இதுவும் காரணம். தற்காலிக விலக்குத் தருகிறார்கள். சுவர் அப்படியே இருக்கிறது.

வெளிநாட்டவருக்குத் திறந்த கதவுகள்

ஒரே வேலைக்கு நான்கு கதவுகள், ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு விதி. தொடக்கத்திலேயே ‘ஆள் தேவை, வாருங்கள்’ என்று சொல்ல அரசுக்கு மனம் வராததன் விளைவு இது.

முதல் கதவு பொருளாதாரக் கூட்டுறவு ஒப்பந்தம்: இந்தோனேசியா 2008, பிலிப்பைன்ஸ் 2009, வியட்நாம் 2014. மூன்று ஆண்டு வேலை பார்த்து, நான்காம் ஆண்டில் ‘கைகோ ஃபுகுஷிஷி’ (சான்று பெற்ற பராமரிப்பாளர்) என்ற தகுதிக்கான தேசியத் தேர்வை ஜப்பானிய மொழியில் எழுதித் தேற வேண்டும். இல்லையேல் ஊர் திரும்ப வேண்டும். 2012இல் முதல் அணி எழுதியது. 95 பேரில் தேறியவர்கள் 36. சொந்த நாட்டில் செவிலியப் பட்டம் பெற்றவர்கள் மருத்துவத்தில் தடுமாறவில்லை. சீன எழுத்துகளில் தடுமாறினார்கள். பிறகுதான் எழுத்துகளுக்கு மேல் உச்சரிப்பு அச்சிடுவதும் கூடுதல் நேரம் தருவதும் வந்தன.

இரண்டாம் கதவு தொழிற்பயிற்சித் திட்டம். 1993இல் வளரும் நாடுகளுக்குத் திறன் கற்பிக்கிறோம் என்ற பெயரில் தொடங்கியது. கைகோ அதில் 2017 நவம்பரில் சேர்ந்தது. அனுப்பும் முகமை, ஜப்பானில் மேற்பார்வை அமைப்பு, முதலாளி என்று மூன்று அடுக்கு. பயிற்சிக்கு வந்தவர் என்பதால் முதலாளியை மாற்றிக்கொள்ள முடியாது. வருமுன் முகமைக்குக் கொடுப்பது சராசரியாக ஐந்து லட்சம் யென்னுக்கு மேல், பாதிப் பேருக்கு மேல் கடன் வாங்கித்தான் கொடுக்கிறார்கள். கடனோடு வந்தவரைக் கொடுமைக்கார முதலாளியிடம் கட்டிப்போட்டால் என்ன ஆகும்? 2023இல் எல்லாத் துறைகளிலும் சேர்த்து 9,753 பேர் இருந்த இடத்தைவிட்டுக் காணாமல் போனார்கள்.

மூன்றாவது, 2017 செப்டம்பரில் வந்த ‘கைகோ’ வதிவிட உரிமை: தேசியத் தேர்வில் தேறியவருக்கு எத்தனை முறையும் புதுப்பிக்கலாம், குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம். மற்றக் கதவுகள் எல்லாம் இதை நோக்கிப் போகும் நடைபாதைகள்தாம்.

நான்காவது, 2019 ஏப்ரலில் திறந்த ‘குறிப்பிட்ட திறன்’ விசா. ஆள் தட்டுப்பாட்டுக்காகவே ஆள் எடுக்கிறோம் என்று அரசு முதன்முதலில் வாய்திறந்து சொன்னது இங்கேதான். ஐந்து ஆண்டு வரை தங்கலாம், குடும்பம் கூடாது, அதே துறைக்குள் முதலாளியை மாற்றலாம், ஜப்பானியருக்கு இணையான சம்பளம் கட்டாயம். 2024 தொடங்கி ஐந்து ஆண்டுகளுக்குக் கைகோவின் ஒதுக்கீடு 1.35 லட்சம் என்று 2024இல் வைத்தார்கள். 2024 இறுதியில் இருந்தவர்கள் 44,000 பேர் அளவில்.

இல்லத்தின் பக்கம் கவனிக்க வேண்டியவை உண்டு. ஒரு நிலையத்தில் இந்த விசாவில் இருப்பவர்கள், அங்குள்ள முழுநேர ஜப்பானியர் முதலான பணியாளர்களின் எண்ணிக்கையைத் தாண்டக்கூடாது. வந்த நாளிலிருந்தே பணியாளர் விகிதத்தில் கணக்கிடலாம். ஆனால் முதல் ஆறு மாதம் அனுபவமுள்ளவரோடு சேர்த்து வைக்க வேண்டும். அவசரத்தில் எண்ணிக்கையை மட்டும் நிரப்பி இரவுக்குத் தனியே விடும் இடங்களில்தான் விபத்து நேர்கிறது. மூச்சுத் திணறும் முதியவரைப் பற்றித் தொலைபேசியில் செவிலியரிடம் விவரிக்கும் அளவு மொழி வருமுன் இரவுப் பொறுப்புக் கொடுக்கக்கூடாது. விமான நிலையத்தில் அழைத்துவருவது முதல் வீடு பார்த்துத் தருவது, மொழி கற்க வசதி என்று பத்து வகை ஆதரவுப் பணிகளும் முதலாளியின் கடமை. வெளி அமைப்பிடம் ஒப்படைத்தால் ஆளுக்கு மாதம் 20,000–30,000 யென் ஆகும்.

முதலாளியை மாற்றும் உரிமை நியாயமானது. அதன் விலையைக் கிராமங்கள் கொடுக்கின்றன. 2024 அக்டோபரில் குறைந்தபட்ச மணிக்கூலி தோக்கியோவில் 1,163 யென், அகிதா மாகாணத்தில் 951. மாதம் 160 மணிநேரத்துக்கு 33,920 யென் வித்தியாசம். அகிதாவின் இல்லம் மொழி கற்பித்து, சைக்கிள் வாங்கிக் கொடுத்து, பனியில் நடக்கப் பழக்கிய ஆள் இரண்டாம் ஆண்டு தோக்கியோவுக்கு ரயிலேறுவார். முதியோர் விகிதம் நாட்டிலேயே உச்சத்தில் இருப்பது அகிதாவில்தான்.

பயிற்சித் திட்டத்தை ஒழித்து ‘இக்குசேய் ஷூரோ’ என்ற திட்டத்தைக் கொண்டுவரும் சட்டம் 2024 ஜூனில் நிறைவேறியது. 2027 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. மூன்று ஆண்டில் ஆளைக் குறிப்பிட்ட திறன் நிலைக்கு வளர்ப்பது இலக்கு. துறைக்கேற்ப 1 அல்லது 2 ஆண்டு கழித்து, தேர்வும் மொழித்தகுதியும் இருந்தால் தன் விருப்பத்தில் முதலாளியை மாற்றலாம். பழைய கட்டிப்போடுதலுக்கும் முழுச் சுதந்திரத்துக்கும் நடுவே பேரம் பேசி எட்டிய எண் அது.

2025 ஏப்ரலிலிருந்து பயிற்சித் திட்டத்தினரும் குறிப்பிட்ட திறன் விசாவினரும் வீட்டுச் சேவைக்கும் போகலாம். தொடக்கப் பயிற்சி முடித்திருக்க வேண்டும், பொதுவாக ஓராண்டு அனுபவம் வேண்டும், நிலையம் சிலகாலம் உடன் ஆள் அனுப்ப வேண்டும். வெளிநாட்டவரைத் தனியே அனுப்புமுன் உடன்போக இன்னொரு கை வேண்டும். அந்தக் கை இல்லை என்பதுதானே பிரச்சினையே.

கருவிகள்

சுருக்கமாகச் சொல்லலாம். படுக்கை உணரிகள், காதில் மாட்டும் தொடர்புக் கருவி, பதிவு மென்பொருள் மூன்றையும் சேர்த்து வைத்தால் இரவுச் சுற்று குறைகிறது என்பது உண்மை. இவற்றை வைத்து மேம்பாட்டைத் தரவோடு காட்டும் தனியார் இல்லங்களுக்கு 3க்கு 1 என்ற விகிதத்தை 3க்கு 0.9 ஆகத் தளர்த்த 2024இல் வழி செய்தார்கள். தொண்ணூறு பேர் இல்லத்தில் 30க்குப் பதில் 27. ஆனால் விடியற்காலை நான்கு மணிக்கு மூன்று அறைகளில் ஒரே நேரத்தில் மணி அடித்தால் உணரி ஓடிப்போய்த் தூக்காது. யாருக்கு எந்த அளவில் எச்சரிக்கை என்று ஆளுக்கு ஆள் சரிசெய்யாத இடங்களில், பொய் மணி அதிகமாகி ஒலியை அணைத்து வைத்துவிடுகிறார்கள். தூக்கும் இயந்திரங்கள் அலமாரியில் தூங்குவதற்குக் காரணம் எளிது: எடுத்துவந்து மாட்டும் நேரத்தில் இரண்டு பேர் கையால் தூக்கி முடித்திருப்பார்கள், முதுகைக் கொடுத்து.

இங்கிருந்து போக நினைப்பவர்களுக்கு

இந்தியாவுக்கும் ஜப்பானுக்கும் குறிப்பிட்ட திறன் விசா குறித்த ஒப்பந்தம் 2021 ஜனவரியில் கையெழுத்தானது. 2025 ஆகஸ்டில் இரு பிரதமர்களும் வெளியிட்ட செயல்திட்டத்தில், ஐந்து ஆண்டில் 50,000 இந்தியத் திறன் பணியாளர்கள் ஜப்பான் போவது இலக்காக இருக்கிறது. தமிழ்நாட்டுச் செவிலியக் கல்லூரிகளின் வாசலில் இப்போது முகவர்கள் நிற்பதற்கு இதுதான் பின்னணி.

பி.எஸ்சி. நர்சிங் படித்திருந்தாலும் இந்த விசாவுக்குத் தேர்விலிருந்து விலக்கு இல்லை. செய்யப்போவது செவிலியர் வேலையும் அல்ல; குளிப்பாட்டுவது, ஊட்டுவது, கழிப்பறைக்கு அழைத்துப்போவது. மூன்று தேர்வுகள்: பொது ஜப்பானிய மொழிக்கு என்4 நிலைத் தேர்வு அல்லது ஜேஎஃப்டி பேசிக் தேர்வு; கைகோ திறன் தேர்வு (60 நிமிடத்தில் 45 கேள்விகள்); கைகோ ஜப்பானியம் (30 நிமிடத்தில் 15 கேள்விகள்). பிணைத்தொகை கேட்கும் ஒப்பந்தம் ஜப்பானிய விதிப்படியே செல்லாது. இந்தியாவில் பதிவுபெற்ற முகவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்.

பலர் கவனிக்காமல் விடுவது போய்ச்சேரும் தேதி. ஐந்து ஆண்டுக்குப் பின்னும் தங்க ஒரே வழி தேசியத் தேர்வு. அதற்கு மூன்று ஆண்டுப் பணி, அதாவது 1,095 நாள் பணிப்பதிவும் அதில் 540 நாள் உண்மையான வேலையும், கூடவே 450 மணிநேரப் பயிற்சியும் வேண்டும். தேர்வு ஆண்டுக்கு ஒருமுறை, ஜனவரியில். அந்த மார்ச் 31க்குள் மூன்று ஆண்டு நிறைந்தால் எழுதலாம். 2027 ஏப்ரல் 1இல் வேலையில் சேர்ந்தவருக்கு 2030, 2031, 2032 என்று மூன்று வாய்ப்பு. ஜூனில் சேர்ந்தவருக்கு 2031, 2032 என்று இரண்டுதான். அதே ஐந்து ஆண்டு, ஒரு வாய்ப்புக் குறைவு. 2025 ஜனவரித் தேர்வில் ஒட்டுமொத்தத் தேர்ச்சி 78.3 விழுக்காடாக இருந்தபோது, இந்த விசாவில் எழுதியவர்களில் மூன்றில் ஒருவர்தான் தேறினார். 2026 ஜனவரியிலிருந்து தேர்வை மூன்று பகுதியாகப் பிரித்து, தேறிய பகுதியை அடுத்த ஆண்டு விட்டுவிடலாம் என்று மாற்றியிருப்பதால், அந்த மூன்றாவது வாய்ப்பின் மதிப்பு முன்னைவிடக் கூடியிருக்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் சம்பளத்தோடு மூன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: வேலையில் சேரும் தேதி, 450 மணிநேரப் பயிற்சியின் செலவு யாருடையது, மாதத்துக்கு எத்தனை இரவு.